எழுத்துல பிசிறு: "சாஃப்ட்வேர் அப்படித்தான்"னு சொல்லாதீங்க

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ஒரு டெக்னிக்கல் மேட்டர். முழுக்க டெக்னிக்கல்னு சொல்ல முடியாது, பாதி புலம்பல். கல்யாண அழைப்பு, பிறந்தநாள், நினைவஞ்சலின்னு வீடியோவுல எழுத்தை ஆட வெச்சு அனுப்பறவங்க கட்டாயம் படிங்க. மத்தவங்க எங்க பெரியப்பாவுக்காகப் படிங்க :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். மோஷன் கிராஃபிக்ஸ்ல எழுத்தோட விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரிஞ்சா, பெரும்பாலும் தப்பு சாஃப்ட்வேர் மேல இல்ல. அவசரப்பட்டு எழுத்தைப் படமாக்கின நம்ம மேலதான். அதைக் கண்டுபிடிக்காம மேல பிளர் போட்டு மறைக்கறது, விரிசல் விட்ட சுவத்துல காலண்டர் மாட்டற வேலை.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2023-ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டுல நான்தான் பொட்டி தட்டறவன், அதனால வீடியோ என் தலையில. பழைய போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல கோர்த்து, நடுநடுவுல அப்பா அம்மா பேரு பெருசாகி முன்னால வர்ற மாதிரி செஞ்சிருந்தேன். கரும்பச்சை பின்னணி, சிவப்பு எழுத்து. என் லேப்டாப்ல பாக்க ஜோரா இருந்துச்சு. மண்டபத்துல பெரிய எல்.இ.டி. சுவர். அதுல ஓடினப்போதான் வயித்துல புளியைக் கரைச்சுது. அப்பா பேரு முழுக்க படிக்கட்டு. சுழி எல்லாம் ரம்பப் பல்லு மாதிரி.

யாரும் கண்டுக்கல. எல்லாரும் போட்டோவைப் பாத்து சிரிச்சுட்டு இருந்தாங்க. ஒருத்தரைத் தவிர. பெரியப்பா.

எங்க பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல கடை போர்டு எழுதினவர். நூல் அடிச்சு கோடு போட்டு, சாக்பீஸ்ல வரைஞ்சு, எனாமல் பெயிண்ட்ல எழுதற ஆளு. ஃபிளெக்ஸ் வந்தப்புறம் தொழில் போயிடுச்சு. அவர் என்கிட்ட வந்து, "என்னடா, எழுத்துல பிசிறடிக்குது?"ன்னாரு.

நான் சொன்ன பதில்: "அது சாஃப்ட்வேர் அப்படித்தான் பெரியப்பா."

அவர் ஒண்ணும் சொல்லல. "ஓ"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா நான் சொன்னது உண்மையா பொய்யான்னே எனக்குத் தெரியாது. இன்ஜினியரிங் படிச்சுட்டு, கோடு எழுதி சம்பளம் வாங்கிட்டு, ஒரு போர்டு எழுதறவர் கேட்ட கேள்விக்கு "அப்படித்தான்"னு சொல்லிட்டு வந்தது உறுத்திச்சு. அவர் பிரஷ்ல பிசிறடிச்சா "பிரஷ் அப்படித்தான்"னு கடைக்காரர்கிட்ட சொல்லி காசு வாங்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஃபாண்ட் ஃபைலுக்குள்ள எழுத்து படமா இல்ல. வளைவுக் கோடுகளாத்தான் இருக்கு. "இந்தப் புள்ளியில ஆரம்பிச்சு இப்படி வளைஞ்சு அந்தப் புள்ளிக்குப் போ"ன்னு கணக்கா எழுதி வெச்சிருக்கும். அந்த நிலையில எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறுங்கற பேச்சே கிடையாது. ஆனா திரை கட்டம் கட்டமா இருக்கு. ஒரு ஃபுல் ஹெச்.டி. ஃபிரேம்னா 1920 x 1080, அதாவது 20,73,600 கட்டம். வளைவை என்னைக்காவது ஒரு நாள் இந்தக் கட்டத்துல இறக்கித்தான் ஆகணும். ஒரு கட்டத்துல எழுத்து பாதிதான் விழுதுன்னா என்ன பண்றது? "உண்டு இல்லை"ன்னு ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணா படிக்கட்டு. நூத்துல 37 பங்கு விழுதா, 37 பங்கு எழுத்து நிறம், மிச்சம் பின்னணி நிறம்னு கலந்தா கண்ணுக்கு வழவழன்னு தெரியும். இதுதான் ஆன்ட்டி-ஏலியாசிங்.

இது ஒண்ணும் புது சமாச்சாரம் இல்ல. ஃபிராங்க் குரோ 1977-லயே கம்ப்யூட்டர் படங்கள்ல வர்ற இந்தக் கோளாறு பத்தி ஆய்வுக்கட்டுரை எழுதிட்டாரு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பொறந்தது 1993-ல, அமெரிக்காவுல பிராவிடன்ஸ் நகரத்துல இருந்த ஒரு சின்ன கம்பெனியில. ஆல்டஸ் கைக்குப் போயி, 1994-ல அடோபி கைக்கு வந்துச்சு. அதாவது வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சு பதினாறு வருஷம் கழிச்சுதான் இந்த சாஃப்ட்வேரே வந்திருக்கு. அப்புறம் எப்படி "சாஃப்ட்வேர் அப்படித்தான்"னு சொல்றது?

நமக்குத் தெரிஞ்ச வழியில பாப்போம்னு உக்காந்தேன். ஆபீஸ்ல பக் வந்தா என்ன செய்வோம்? நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி, அதுக்கு முன்னால தப்பா, பின்னால தப்பான்னு பாப்போம் இல்லையா? அதேதான் இங்கயும்.

முதல்ல, பாக்கற கண்ணாடி சுத்தமா இருக்கான்னு பாக்கணும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முன்னோட்டம் ஃபுல், ஹாஃப், குவார்ட்டர்னு பல ரெசல்யூஷன்ல ஓடும். பொட்டி திணறக்கூடாதுன்னு நாம குவார்ட்டர்ல வெச்சிருப்போம். அப்ப பதினாறு பிக்சலுக்கு ஒரு பிக்சல்தான் கணக்கு போடுது, எழுத்து கன்னாபின்னான்னு தெரியத்தான் செய்யும். அதே மாதிரி ஜூம் 67.3, 41.8னு ஏடாகூடமா இருந்தாலும் விளிம்பு கெட்டுத்தான் தெரியும். ஃபுல் வெச்சு, 100 சதவீதத்துல பாத்துட்டு அப்புறம் அழுங்க. பாதிப் பேரோட பிரச்சினை இங்கயே முடிஞ்சிடும்னு நினைக்கறேன்.

அடுத்து, லேயர்ல குவாலிட்டி சுவிட்ச். அது டிராஃப்ட்ல இருந்தா ஆன்ட்டி-ஏலியாசிங் கிடையாது, நகரும்போது பிக்சல் பிக்சலா குதிக்கும். பெஸ்ட்ல இருந்தாதான் ஒரு பிக்சலுக்குள்ள பாதி, கால்னு நகர்றதையும் கணக்குல எடுக்கும். மெதுவா நகர்ற டைட்டில் நடுங்குதுன்னா இதையும் பாருங்க.

இதெல்லாம் என் ஃபைல்ல சரியாத்தான் இருந்துச்சு. அடுத்த வேலை, நடுவுல வெட்டறது. பிசிறு தெரிஞ்ச இடத்துல ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் படமா சேமிச்சேன். அந்தப் படம் சுத்தமா இருந்தா தப்பு ஏற்றுமதியில, இல்லன்னா திரையில. படத்துலயே பிசிறு இருந்தா தப்பு ப்ராஜெக்ட்டுக்குள்ள. திறந்து பாத்தேன். படத்துலயே படிக்கட்டு. அவ்வ்வ்வ்!

காரணம் என்ன தெரியுமா? அந்தப் பேரு எழுத்தே இல்ல. பி.என்.ஜி. படம்.

இங்கதான் தமிழ்ல வேலை செய்யற நமக்குன்னு ஒரு தனி வியாதி இருக்கு. இந்திய மொழிகளைக் கோர்க்கத் தெரியாத மென்பொருள்ல "கொ"ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். அதுல சூடு பட்ட நாம என்ன பண்ணோம்? வேற ஒரு மென்பொருள்ல தமிழ்ல அடிச்சு, பின்னணி இல்லாத படமா சேமிச்சு, அதைக் கொண்டு வந்து ஒட்டினோம். அன்னைக்கு அது புத்திசாலித்தனம். ஆனா கைப்பழக்கம் ஆயிடுச்சு. காரணம் போனப்புறமும் பழக்கம் போகல. நானும் அப்பா பேரை 560 பிக்சல் அகலத்துல படமாக்கி, உள்ள கொண்டு வந்து, 340 சதவீதம் இழுத்து வெச்சிருந்தேன். வளைவு எப்பவோ கட்டமாயிடுச்சு. அப்புறம் கட்டத்தைத்தான் இழுத்திருக்கேன். சொந்த செலவுல சூனியம்!

இப்ப இருக்கற ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல தெற்காசிய எழுத்துகளைக் கோர்க்கற வசதி இருக்கு. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் ஃபாண்ட் எடுத்து நேரடியா அடிச்சா ஒழுங்கா உக்காருது. டெக்ஸ்ட் லேயரும் ஷேப் லேயரும் எப்பவுமே வளைவாத்தான் இருக்கும். எவ்வளவு பெருசாக்கறீங்களோ, அந்த அளவுக்குப் புதுசா கணக்கு போட்டு வரையும். இல்ல, இல்லஸ்ட்ரேட்டர்ல வரைஞ்ச எழுத்துதான் வேணும்னா அந்த ஃபைலையே கொண்டு வாங்க. ஆனா லேயர் வரிசையில சூரியன் மாதிரி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை அமுக்கணும். அமுக்கலன்னா ஃபைலோட சொந்த அளவுல ஒருதடவை படமாக்கிட்டு, அப்புறம் அந்தப் படத்தை இழுக்கும். ப்ரீகாம்ப் உள்ள எழுத்தை வெச்சு வெளிய இருந்து பெருசாக்கினாலும் இதே கதைதான். அதுக்கும் அதே சூரியன்தான் வைத்தியர்.

சூத்திரம் ரொம்ப சிம்பிள். வளைவு எவ்வளவு தாமதமா கட்டமாகுதோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு தடவைதான் ஆகணும். அதுவும் கடைசியில.

சரின்னு எல்லாத்தையும் மாத்தி, மறுபடி ஃபிரேம் எடுத்துப் பாத்தேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு. எம்.பி.4 ஆக்கினேன். மறுபடி விளிம்புல லேசா பிசிறு! இப்ப தப்பு ஏற்றுமதிக்கு அப்புறம்னு தெளிவாயிடுச்சு.

வில்லன் நிறம். சாதாரணமா நாம அனுப்பற ஹெச்.264 வீடியோவுல வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வெக்கும். நிறத்தை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு பங்கு போடும். 4:2:0ன்னு எழுதுவாங்க. மனுஷக் கண்ணு வெளிச்ச வித்தியாசத்தைப் பாக்கற அளவுக்கு நிற வித்தியாசத்தை நுணுக்கமா பாக்காது, அந்த தைரியத்துல செய்யற சிக்கனம். அதாவது 1920 x 1080 வீடியோவுல நிறம் இருக்கறது 960 x 540 மட்டும்தான். முகத்துக்கும் வானத்துக்கும் இது போதும். ஆனா கரும்பச்சை மேல சிவப்பு எழுத்துன்னா? ரெண்டுக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒண்ணு. வித்தியாசம் நிறத்துல மட்டும்தான். அதையும் பங்கு போட்டா விளிம்பு எங்க நிக்கும்? எழுத்தை இளமஞ்சளாக்கினேன். அவ்வளவுதான், அதே செட்டிங்ஸ்ல சுத்தமாயிடுச்சு. சிவப்புதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்க சுத்தி வெளிர் நிறத்துல ஒரு கோடு கட்டுங்க. போர்டு எழுதறவங்க பச்சை மேல சிவப்பு எழுதினா வெள்ளையில அவுட்லைன் கட்டறதைப் பாத்திருக்கேன். அழகுக்குன்னுல்ல இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன்!

கடைசி ஆசாமி, மண்டபத்துச் சுவர். இதை நாம யாருமே கேக்கறதில்ல. வாடகைக்கு வர்ற எல்.இ.டி. பலகையில ஒரு வகை, அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம், ஒரு பக்கத்துக்கு 128 பிக்சல். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமார் 3.9 மில்லிமீட்டர். அதை அகலத்துல ஏழு, உயரத்துல நாலுன்னு அடுக்கினா சுவர் மூணரை மீட்டர் அகலம். பாக்க பிரம்மாண்டம். ஆனா மொத்தமே 896 x 512. நாம அனுப்பின வீடியோவுல பாதி கூட இல்ல! உங்க ஃபிரேம்ல ரெண்டு பிக்சல் தடிமனா இருந்த கோடு அங்க ஒரு பிக்சல்கூட தேறாது. அதனால "4கே-ல எடுத்துடு, சரியாயிடும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. சுவர்ல இருக்கறது 896 கட்டம்னா நீங்க 4கே அனுப்பினா என்ன, 8கே அனுப்பினா என்ன? திரைக்காரர்கிட்ட முன்னாடியே அளவு கேட்டு, அதே அளவுல ஒரு காம்போசிஷன் போட்டு, அதுல எழுத்து நிக்குதான்னு பாத்துட்டு அனுப்புங்க. மெல்லிசான ஃபாண்ட் வேணாம், தடிமனானதா எடுங்க.

"யாரு சார் இவ்வளவு உத்துப் பாக்கறாங்க? எல்லாரும் போன்லதானே பாக்கறாங்க"ன்னு என் ஃபிரெண்ட் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். போன் திரையில பிக்சல் நெருக்கமா இருக்கு, அதுல பாதி தப்பு தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு முடிச்சுக் குடுக்கணும்னா நானும் பிளர்தான் போடுவேன் :-( ஆனா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பிளரும் ஆன்ட்டி-ஏலியாசிங்கும் ஒண்ணு இல்ல. ரெண்டுலயும் விளிம்புல சாம்பல் நிறம் வரும், அதனால குழப்பிக்கறோம். ஆன்ட்டி-ஏலியாசிங் வளைவைப் பாத்து, எந்தக் கட்டத்துல எவ்வளவுன்னு அளந்து வெக்குது. பிளருக்கு வளைவு தெரியாது. கெட்டுப் போன கட்டத்தைத் தேய்க்குது, அவ்வளவுதான். படிக்கட்டு போகும், கூடவே எழுத்தும் போகும். இன்டர்லேஸ் முறையில டிவிக்குப் போற படத்துல மெல்லிய படுக்கைக் கோடு சிமிட்டும், அதுக்கு மேலுங்கீழுமா லேசா பிளர் போடறது முறையான வைத்தியம்தான். அதை நான் குறை சொல்லல. காரணம் தெரிஞ்சு போடறது வேற, தெரியாம அப்பறது வேற.

ரெண்டாவது, தமிழுக்கு இது அதிகமா வலிக்கும். விளிம்பு கெட்டா "ண"வோட சுழியும் "ன"வோட சுழியும் எண்ண முடியாது. எல்லாத்துக்கும் முன்னால செத்துப் போறது மெய்யெழுத்தோட புள்ளி. ஃபிரேம்ல ஆறு பிக்சல் அகலம் இருந்த புள்ளி அந்தச் சுவர்ல மூணு பிக்சல்கூட இருக்காது. அதுக்கு மேல பிளரும் போட்டா "கண்ணன்", "கணணன" ஆயிடுவாரு. ஓலைச்சுவடி காலத்துல எழுத்தாணி குத்தினா ஓலை பொத்தலாயிடும்னு பெரும்பாலும் புள்ளி வெக்காம விட்டாங்க. படிக்கறவங்க இடம் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு ஓலை ஒரு காரணம். நமக்கு என்ன காரணம் இருக்கு? ஒரு சுவிட்சை அமுக்க சோம்பேறித்தனம்.

அதுவும் நாம பெருசா போடறது என்னன்னு பாருங்க. பொண்ணு மாப்பிள்ளை பேரு. பொறந்த குழந்தை பேரு. செத்துப் போனவங்க பேரு. வாழ்நாள்ல ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் ஒரு மனுஷன் பேரு அவ்வளவு பெருசா சுவர்ல வரும். அது ரம்பப் பல்லோட வரணுமா?

2024-ல பெரியப்பா பொண்ணு கல்யாணம். வீடியோ மறுபடி நான்தான், இந்தத் தடவை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். திரைக்காரர்கிட்ட அளவு வாங்கி, நேரடியா தமிழ்ல அடிச்சு, இளமஞ்சள் எழுத்து, தடிமனான ஃபாண்ட். பேரு வந்து நின்னப்போ நான் சுவரைப் பாக்கல, பெரியப்பாவைத்தான் பாத்தேன். மனுஷன் பொண்ணோட பேரை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "போன தடவை சாஃப்ட்வேர் சரியில்லன்ன, இப்ப மாத்திட்டியா?"ன்னாரு.

"இல்ல பெரியப்பா, அதே சாஃப்ட்வேர்தான். எனக்குத்தான் தெரியல."

சிரிச்சாரு. "எழுத்து நல்லா நிக்குது. ஆனா எழுத்துக்கு நடுவுல எடைவெளி சரியில்ல. மூணாவது எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது, பாரு."

பாத்தேன். ஒட்டிக்கிட்டுதான் நின்னுச்சு. இந்தத் தடவை "சாஃப்ட்வேர் அப்படித்தான்"னு சொல்லல :-) அந்த இடைவெளிக் கதையை இன்னொரு நாள் பாப்போம்.

டிஸ்கி: அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோவையும் திருத்தி வெச்சிருக்கேன். அப்பாகிட்ட போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு"ன்னுட்டாரு. ஙே!